திண்ணை பிளக்கில் தொங்கும் திருவிழா

தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் வீட்டை விளக்கால் மூடுகிற பழக்கம் காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் திருப்புட்குழிப் பக்கம் சில வருடங்களாக மளமளவென்று பெருகிவிட்டது. அகல் வரிசை வைத்த திண்ணையில் அகல் இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தரைவரை சீரியல் செட் சரம்சரமாகத் தொங்குகிறது. வாசல் வேம்பில் பச்சை விளக்கு, மொட்டை மாடியில் நட்சத்திரம், கேட்டின் இரண்டு தூணிலும் ஃபோகஸ். விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வரும் வெளியூர்க்காரர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதையெல்லாம் கட்டிக்கொடுக்கும் ஒயர்மேன்களில் நானும் ஒருவன். விளக்கு போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நிறையப் போடுங்கள். அந்த விளக்கு எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது என்பதுதான் என் கவலை.

பெரும்பாலும் திண்ணை பிளக்கிலிருந்து எடுக்கிறது. வீடு கட்டியபோது இஸ்திரிப் பெட்டிக்கோ டேபிள் ஃபேனுக்கோ என்று வாசல் பக்கம் வைத்த ஒற்றை 5 ஆம்பியர் பிளக். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அந்தப் பெட்டியில் இன்னொரு பெட்டி, அதிலிருந்து ஜன்னல் கம்பி வழியாக மாடிக்கு ஒரு மெல்லிய ஒயர். செட்டோடு வரும் பின் பிளக்கில் சேராவிட்டால், ஒயர் நுனியைச் சீவி ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் அடைத்துவிடுகிறார்கள். இந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று வீடுவீடாகச் சொல்லி வருகிறேன். வெளி அலங்காரத்துக்கென்று மெயின் போர்டிலிருந்தே தனி லைன் வர வேண்டும். அதற்குத் தனி எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச், இருக்க வேண்டும். அதற்கு முன்னால் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வீட்டில் வாசலுக்கு வெளியே ஒரு சரம்கூடத் தொங்கக் கூடாது. தெருவுக்குள் இறங்கினால், பண்டிகை நாட்களுக்குத் தற்காலிக மின் இணைப்பு சுலபமாகக் கிடைக்க வேண்டும். அது ஈ.பி.யும் ஊராட்சியும் செய்ய வேண்டிய காரியம்.

"லைன் தாங்குமா அண்ணே?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதில் சொல்லக் கணக்குப் போட வேண்டும், கணக்கும் சிரமமில்லை. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர்.

நல்ல வசதியுள்ள ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். எல்.இ.டி. சீரியல் முப்பது செட், செட்டுக்கு 8 வாட் என்றால் 240 வாட். 50 வாட் ஃபோகஸ் நான்கு, 200 வாட். வாசல் வளைவுக்கு 20 வாட் டியூப் பத்து, 200 வாட். ஆக 640 வாட். 230-ஆல் வகுத்தால் மூன்று ஆம்பியருக்கும் குறைவு. இதே அலங்காரத்தைப் பழைய காலத்தில் போட்டிருந்தால், குட்டி பல்பு சீரியல் செட்டுக்கு 25 வாட் வைத்தாலும் 750 வாட், ஹாலஜன் நான்குக்கு 2,000 வாட், சோக் டியூப் பத்துக்கு 500 வாட். மொத்தம் 3,250 வாட், அதாவது 14 ஆம்பியர். எல்.இ.டி. வந்து ஐந்தில் நான்கு பங்கைக் குறைத்துவிட்டது. பில்லும் பெரிதில்லை. ஒரு ராத்திரிக்கு ஆறு மணி நேரம் எரியவிட்டால் நாலு யூனிட்கூட ஆகாது, பத்து ராத்திரிக்கு 40 யூனிட்டுக்குள் அடங்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிற மாநிலத்தில் இதைப் பெரிய செலவென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியென்றால் லைன் தாங்குகிறதுதானே என்று கேட்பீர்கள். விளக்கை மட்டும் எண்ணினால் தாங்கும். பண்டிகை நாளில் அந்த வீட்டில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள். விடிகாலை எண்ணெய்க் குளியலுக்கு கீசர், 2,000 வாட். தொட்டி நிரப்ப ஒரு குதிரைத்திறன் மோட்டார், 750. மிக்சி இன்னொரு 750. கிரைண்டர் 200. புதுத்துணிக்கு இஸ்திரி 1,000. ஃபிரிட்ஜ், டிவி, ஐந்து ஃபேன் எல்லாம் சேர்ந்து 600. இது மட்டும் 5,300 வாட், 23 ஆம்பியர். மகன் சென்னையிலிருந்து வந்திருக்கிறான் என்று ஏ.சி.யைப் போட்டால் மேலும் ஆறரை. வீட்டுக்குள் ஏற்கெனவே 30 ஆம்பியர் ஓடும் நாளில்தான் வெளியே விளக்கும் எரிகிறது. விளக்கு கொண்டுவரும் மூன்று ஆம்பியர் சிறியது. ஆனால் அது ஏறுகிற இடம் வீட்டிலேயே மெலிந்த ஒயர்.

பழைய வீடுகளில் அந்தத் திண்ணை பிளக்குக்குப் போவது 1/18 ஒயர். இன்றைய அளவில் சொன்னால் ஒன்றேகால் சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே ஒயரில் கூடத்து ஃபேனும் பூஜை அறை விளக்கும் லூப் எடுத்து ஓடுகின்றன. பல வீடுகளில் அதன் பாதுகாப்புக்கு இருப்பது பீங்கான் ஃபியூஸ் கட்டை. அடிக்கடி பீஸ் போகிறது என்று யாரோ ஒருவர் தடிமனான செம்புக் கம்பியைப் போட்டு முறுக்கிவிட்டுப் போயிருப்பார். பிறகு பீஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் சூடாகும். ஒயரில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். முக்கியமாகச் சூடாவது ஒயரின் நடுப்பகுதி அல்ல, முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். தீ பிடித்த போர்டு எதைக் கழற்றிப் பார்த்தாலும் கருகலின் நடுவில் ஒரு தளர்ந்த திருகோ ஒரு கைமுறுக்கு ஜாயின்ட்டோதான் இருக்கும்.

ஆகவே மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்து, வழியில் ஜாயின்ட் இல்லாமல், வெளிச்சுவரில் கூரை நிழலுக்குக் கீழே மூடியுள்ள பிளக் பெட்டியில் கொண்டுபோய் முடிக்கச் சொல்கிறேன். அதற்கு 10 ஆம்பியர் எம்.சி.பி. போதும். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட், மேலே சொன்ன அலங்காரத்தைப் போல மூன்று மடங்கு போடலாம். வீட்டின் மற்ற எதுவும் அந்த லைனில் சேரக் கூடாது. அதில் கோளாறு வந்து எம்.சி.பி. விழுந்தாலும் கூடத்து விளக்கு அணையாது, ஏணி மேல் நிற்பவர் இருட்டில் மாட்டிக்கொள்ள மாட்டார். முப்பது செட்டையும் ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோக்கவும் கூடாது. முதல் செட்டின் தலைமாட்டில் இருக்கும் முடிமாதிரி ஒயர் முப்பது செட்டின் கரண்டையும் சுமக்க வேண்டி வரும். பெட்டியில் எத்தனை செட்வரை தொடர்ச்சியாகக் கோக்கலாம் என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் போகாதீர்கள். எதுவும் எழுதாத, பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாத செட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னது ஒயரைக் காப்பாற்றும் வழி. ஆளைக் காப்பாற்றும் வழி வேறு, என் மனசு அங்கேதான் இருக்கிறது.

எம்.சி.பி. போட்டுவிட்டால் ஷாக் அடிக்காது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். 6 ஆம்பியர் என்பது 6,000 மில்லி ஆம்பியர். ஒரு மனிதனின் கை ஒயரைப் பிடித்துக்கொண்டு விட முடியாமல் போக 10 முதல் 16 மில்லி ஆம்பியர் போதும். அதைவிடச் சில மடங்கு கூடினால் நெஞ்சுத் துடிப்பு குலையும். எம்.சி.பி.க்கு இது கரண்டாகவே தெரியாது. ஒரு ஆள் பிடித்துக்கொண்டு துடிக்கும்போதும் அது பேசாமல் நிற்கும். அதன் வேலை ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி வேலை செய்கிறது. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது திரும்பவில்லை என்றால் வழியில் எங்கோ கசிகிறது, ஒருவேளை யாரோ ஒருவர் உடல் வழியாகத் தரைக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். இதே தத்துவத்தில் அமெரிக்க வீடுகளுக்கான கருவியை 1961-ல் செய்தவர் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் டால்சீல். எவ்வளவு கரண்ட் வரை ஒரு மனிதனால் பிடியை விட முடிகிறது என்று வருடக்கணக்கில் அளந்து பார்த்தவர் அவர். அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெளியே விளக்கு போடுகிறவர்கள் எக்கச்சக்கம். வெளிச்சுவர் பிளக்குக்கு இந்தப் பாதுகாப்பு அங்கே விதி. மரத்தில் மின்விளக்கு கட்டும் பழக்கத்தைத் தொடங்கியதும் அவர்கள்தான். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882-ல் நியூயார்க்கில் தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டிய எண்பது பல்புதான் முதல் மின்விளக்குச் சரம் என்கிறார்கள்.

இந்தக் கருவி அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. முதல் காரணம், சீரியல் செட்டுக்கு எர்த் கிடையாது, இரண்டே ஒயர். எர்த் இல்லாத பொருளில் கசிவு வந்தால் ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி.யைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டாவது, மழை. அமெரிக்காக்காரனுக்குப் பண்டிகையில் பனி விழுகிறது. நமக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் காஞ்சிபுரம் மாவட்டம் எப்படி மூழ்கியது என்று நினைவிருக்கும். வருடத்தின் அதிக மழை எப்போதோ, அப்போதுதான் நாம் வீட்டுக்கு வெளியே அதிக ஒயரைத் தொங்கவிடுகிறோம். ஈரச் சுவர், ஈரத் தரை, வெறுங்கால். கோலம் போட வாளித் தண்ணீர் தெளிக்கும் பெண்களின் கை எட்டுகிற உயரத்தில் செட் தொங்குகிறது.

மூன்றாவது காரணம் எங்கள் வட்டாரத்துக்கே உரியது. நெசவாளர் வீடு. காஞ்சிபுரத்துப் பட்டு பெரும்பகுதி குழித்தறியில் நெய்கிறார்கள். நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். அந்தக் குழி மண். மழைக்காலத்தில் ஊற்று எடுத்துக் குழிக்குள் தண்ணீர் நிற்கும், வாரக்கணக்கில் தறி ஓடாது. வற்றிய பிறகும் ஈரம் போகாது. மின்சாரம் தரைக்குப் போக இதைவிட நல்ல வழியை யாராலும் செய்துகொடுக்க முடியாது. தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதன் பக்கத்தில் கம்பியில் கட்டிய டியூப் லைட், கைக்கடியில் ஜரிகை. ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளித் தகடு. அது கரண்டைக் கடத்தும். உரித்த ஒயர் ஒன்று பாவின் மேல் விழுந்தால், ஜரிகைக் கரை ஓடும் அகலம் முழுக்கக் கரண்ட் இருக்கலாம் என்பதை நெய்கிறவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த வீடுகளில் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது தறிக்கூடம்தான். வெளி விளக்குக்குத் தறிக்கூடத்து பிளக்கிலிருந்துதான் இழுப்பார்கள். "தம்பி, ஒரு வாரத்துக்குத்தானே, எதுக்கு தனி லைன்?" என்று கேட்ட பெரியவரிடம், "ஐயா, உங்க கால் குழிக்குள்ள இருக்கிற வரைக்கும் இந்த பிளக்குல நான் வெளி ஒயர் சொருக மாட்டேன்" என்றேன். கோபித்துக்கொண்டார். மறு வாரம் மகனை அனுப்பி வேலையைச் செய்யச் சொன்னார். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் அரசு 300 ஆக்கியது. பெரிய உதவி. போர்டில் கைவைத்தால், லோடு கூட்டிக் கேட்டால் அந்தச் சலுகைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே சிலர் ஒயரிங்கைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குகிற மாதிரி ஈ.பி. ஊழியர்கள் தறிக்கூடங்களுக்கே வந்து பேச வேண்டும். இலவச யூனிட் கொடுக்கிற அரசு, அதோடு ஓர் ஆர்.சி.சி.பி.யையும் தறிவீட்டுக்கு இலவசமாக மாட்டிக்கொடுத்தால் என்ன? நல்ல கம்பெனிப் பொருள் ஒரு பட்டுச்சேலையின் கூலியைவிடக் குறைவான விலைதான்.

புதிய இணைப்புகளுக்கு இந்தக் கருவி வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலும் வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் என்ற அளவு இருக்கிறது. விதி புது வீட்டைப் பார்க்கிறது. ஆபத்து பழைய வீட்டில் இருக்கிறது. புது வீட்டிலும் ஒரு குறை: ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகு மழை நாளில் அது அடிக்கடி விழுகிறது என்று யாரையாவது கூப்பிட்டு பைபாஸ் செய்துவிடுகிறார்கள். விழுந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். எந்தச் செட்டில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பைபாஸ் செய்யச் சொல்லும் வீட்டில் நான் வேலை எடுப்பதில்லை.

எர்த்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலாற்றுப் படுகையை ஒட்டிய மணல் கலந்த மண் இது, கோடையில் வறண்டுவிடும். உப்பும் கரியும் போட்டு இறக்கிய எர்த் குழியில் வருடத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர் விட்டு அளவெடுத்துப் பார்க்க வேண்டும். குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீடுகள் ஏராளம். மேலே சிமென்ட் தளம் போட்டு பைக் நிறுத்தியிருப்பார்கள்.

தெருவுக்கு வருவோம். ஒரு 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் உள்ள தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு ஃபேஸில் கொடுக்க முடிந்தது ஏறத்தாழ 84 ஆம்பியர். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் ஃபேஸ் சேஞ்சர் இருக்கிறது. சாயங்காலம் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் இறங்கியதும் எல்லோரும் திருகி நன்றாக வரும் ஃபேஸுக்கு மாறுகிறார்கள். நாற்பது வீடு ஒரே ஃபேஸில் ஆளுக்கு மூன்று ஆம்பியர் விளக்கு ஏற்றினாலே 120 ஆம்பியர். மற்ற சாமான்களைச் சேர்க்கவே இல்லை. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போகிறது, தெரு முழுக்க இருட்டாகிறது, லைன்மேன் பண்டிகை ராத்திரியில் ஏறுகிறார். இதைவிட மோசம் நியூட்ரல் விடுபடுவது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் தளர்ந்தால், குறைவாக லோடு உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 230-லிருந்து 300, 350 என்று எகிறும். டிவியும் ஃபிரிட்ஜும் ஒரே சமயத்தில் போன தெருக்களை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். லோடு ஃபேஸ்களுக்கிடையே ஏற்றத்தாழ்வாக இருக்க இருக்க அந்தச் சேதமும் பெரிதாகும். ஆகவே ஒரே தெருவில் விளக்கு போடும் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து யார் எந்த ஃபேஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரப் பேச்சு போதும். முன்கூட்டியே ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் அவர்களும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்து வைப்பார்கள்.

கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு எடுக்கிறார்கள், கோயில் விசேஷத்துக்கும் தெரு வளைவுக்கும். மின்சாரச் சட்டம் 2003-ன் 135-ஆம் பிரிவில் அது திருட்டு, மூன்று வருடம்வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள், கொக்கியில் ஃபியூஸும் இல்லை, எம்.சி.பி.யும் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் இல்லை. கம்பத்துக்கும் அதைத் தொடும் பையனுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. திருட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஊர்க்காரர்கள் இதைச் செய்வதில்லை. முறைப்படி தற்காலிக இணைப்பு கேட்டால் அலைய வேண்டியிருக்கிறது, டெபாசிட் கட்ட வேண்டியிருக்கிறது, திருவிழா முடிந்த பிறகு அனுமதி வருமோ என்ற பயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மின்கட்டண ஆணையில் ஆடம்பர விளக்கு அலங்காரம் என்று ஓர் இனமே இருக்கிறது. கல்யாணம், விருந்து போன்ற விசேஷங்களுக்குக் கட்டடத்தின் வெளிச்சுவரிலும் வளாகத்து மரத்திலும் கம்பத்திலும் பந்தலிலும் கட்டும் விளக்கு அதில் வரும். தற்காலிக இணைப்போடு சேர்த்து வீட்டு விலையைவிடக் கூடுதல் கட்டணம். ஊர்க் கோயில் உற்சவத்தையும் தெருப் பொதுவான கார்த்திகை அலங்காரத்தையும் இந்த இனத்திலிருந்து பிரித்து, நாள் கணக்கில் ஒரு சிறு தொகை கட்டினால் மீட்டரும் ஆர்.சி.சி.பி.யும் பூட்டிய பெட்டியாக ஈ.பி.யே கொண்டுவந்து கம்பத்தில் மாட்டித் தர வேண்டும். முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகட்டும். ஒரு பிரிவு அலுவலகத்துக்குப் பத்துப் பெட்டி போதும். கொக்கியால் போகிற யூனிட்டை நினைத்தால் அந்தச் செலவு ஒன்றுமில்லை, போகிற உயிரை நினைத்தால் கணக்கே போட வேண்டாம்.

உயிர் போனதைப் பார்த்திருக்கிறோம். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. 2025 மார்ச் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் இனயம்புத்தன்துறையில் ஆலயத் திருவிழா ஏற்பாட்டின்போது தூக்கி நிறுத்திய இரும்பு ஏணி கம்பியில் சாய்ந்து நான்கு பேர் போனார்கள். அலங்காரம் செய்யப் போனவர்கள், சாமி காரியமாகப் போனவர்கள். இரண்டிலும் கம்பி அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் என்று யாரும் அளக்கவில்லை.

11 கேவி கம்பிக்கும் கட்டடத்துக்கும் நடுவே பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலாக இருந்தால் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. வீடு கட்டியபோது அந்த இடைவெளி இருந்திருக்கும். பிறகு முதல் மாடி எழும்பியது, அதன் மேல் தகரக் கொட்டகை வந்தது, அதன் மேல் பண்டிகைக்கு நட்சத்திரம் கட்ட ஒரு பைப் நிற்கிறது. சாலையும் ஒவ்வொரு முறை தார் போடும்போது உயர்ந்துகொண்டே போகிறது. என்னுடன் வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் வைத்திருக்கும் கட்டளை இதுதான்: தெருப்பக்கம் இரும்பு ஏணி எடுக்கக் கூடாது, காய்ந்த மூங்கில் ஏணிதான். நீள இரும்புப் பைப்பை நிமிர்த்துவதற்கு முன் நிமிர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். மழைத் தூறல் விழுந்தால் ஏறியவன் இறங்கிவிட வேண்டும், வீட்டுக்காரர் திட்டினாலும் சரி.

பெரிய அலங்காரமெல்லாம் ஆபத்தானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மைசூர் அரண்மனையில் தசராவுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்பு எரிகிறது. அதை நிரந்தரமான ஒயரிங்காக, பகுதி பகுதியாக, பராமரிக்க ஆள் வைத்துச் செய்திருக்கிறார்கள். பகுதி பகுதியாகப் பிரிப்பது வீட்டுக்கும் பொருந்தும். முன்சுவர் ஒரு லைன், மாடி ஒரு லைன், மரம் ஒரு லைன். மரத்து லைன் ஈரம் இறங்கி விழுந்தாலும் சுவர் விளக்கு எரியும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் சுலபம். சுவர் பூசுவதற்கு முன் இரண்டு பைப் அதிகம் போட்டுவைத்தால் போதும், பிறகு சுவரைக் கொத்த வேண்டியதில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024 முதல் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்துக் கிராமங்களில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் சுற்றுவட்டாரத்திலும் கட்டுகிறார்கள். அந்த வீடுகளின் ஒயரிங் அளவில் ஒரு வெளிச்சுவர் பிளக்கும் அதற்கு ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும் என்று ஊரக வளர்ச்சித் துறை ஒரு வரி சேர்த்தால், அடுத்த தலைமுறைக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஏழை வீட்டுக்குப் பண்டிகை விளக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் வருஷம் சொந்த வீட்டில் கார்த்திகை கொண்டாடுகிறவர்கள்தான் அதிக விளக்கு போடுவார்கள், போடட்டும்.

செட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. ஈ.பி. பில்லில் உங்கள் அனுமதி மின்பளு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். பழைய இணைப்புகளில் அது வீட்டில் இன்று இருக்கும் சாமானுக்குச் சம்பந்தமில்லாத சிறிய எண்ணாக இருக்கும், கூட்டிக் கேளுங்கள். போர்டைத் திறந்து காட்டச் சொல்லி, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் ஒவ்வொரு திருகையும் இறுக்கச் சொல்லுங்கள். கீசர் ஓடும் நேரத்தில் விளக்கை அணைத்துவையுங்கள். ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கும் வீடாக இருந்தால் அதன் முகத்தில் டெஸ்ட் என்ற ஒரு சிறு பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போதே அதை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் புதிது மாட்டிய பிறகு விளக்கு கட்டலாம்.